கிழக்குப் பக்கம் நான்கு குழி

அந்தக் கடிதத்தை எழுதியவள் நான்தான். வேறு யார் தலையிலும் பழியைப் போட வழியில்லை. கடலூர் புதுநகரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டு, எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லி, கீழே முத்திரைக்கு இடம் விடச் சொல்லி, நானே அச்செடுத்தேன். அதில் இருந்த ஒரு சொல்லை நம்பி ஒரு பெண், இருபத்தொரு வருடங்களுக்கு முன்பு தன் குழந்தையைப் புதைத்திருந்த இடத்தைத் தானே மண்வெட்டி எடுத்துத் தோண்டினார். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் மற்றதையெல்லாம் சொல்லிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை.

என் வேலை என்னவென்று கேட்பவர்களுக்கு நான் சுருக்கமாகச் சொல்வது இதுதான்: ஒரு நிலத்தில் புதிதாக எதையாவது கட்டுவதற்கு முன்னால், மண்ணுக்குள் பழைய காலத்து மனிதர்கள் வாழ்ந்த தடம் இருக்கிறதா என்று அங்கங்கே சின்னதாகத் தோண்டிப் பார்ப்போம். இருந்தால் எழுதுவோம், இல்லாவிட்டாலும் எழுதுவோம். பிறகு மூடிவிட்டு வந்துவிடுவோம். இதைக் கேட்டதும் எல்லோரும் தங்கம் கிடைத்ததா என்பார்கள். பத்து வருடமாகப் பானை ஓட்டைத் தவிர வேறொன்றும் கிடைத்ததில்லை என்றால் முகம் சுருங்கிவிடும்.

அந்த முறை வேலை, கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் ரயில் பாதைக்குக் கிழக்கே இருந்த ஒரு மேட்டில். மீனும் இறாலும் வைப்பதற்குக் குளிர்பதனக் கிடங்கு ஒன்று கட்ட ஒரு கம்பெனி அங்கே நிலம் வாங்கியிருந்தது. மேட்டைச் சமன்படுத்தத் தொடங்கியதும் கறுப்பும் சிவப்புமாகப் பானை ஓடுகள் வந்தன. யாரோ போட்டோ எடுத்து அனுப்ப, வேலை நின்றது. சோதனைக் குழி போட்டுப் பார்த்த பிறகுதான் அனுமதி என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் குழுவைச் சென்னையிலிருந்து அனுப்பினார்கள். குழு என்றால் நான், ஒரு அளவு நாடா, உள்ளூர் ஆட்கள் நான்கு பேர். எங்கள் சார் வாரம் ஒருமுறை காரில் வந்து பார்த்துவிட்டுப் போவார்.

மேடு கம்பெனி நிலத்தோடு முடியவில்லை. கிழக்கே சரிந்து பக்கத்து நிலத்துக்குள்ளும் போனது. அது எதுவரை போகிறது என்று தெரிய வேண்டுமானால் அங்கேயும் தோண்டிப் பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்து நிலம் ஒரு பெண்ணுக்குச் சொந்தமானது. கம்பெனிக்காரர்கள் கேட்டும் விற்க மறுத்தவர் அவர் ஒருவர்தான். அவருக்குத்தான் நான் கடிதம் எழுதினேன்.

சார் அனுப்பிய மாதிரியில் ‘தொல்லியல் அகழாய்வுச் சோதனைக் குழிகள்’ என்று இருந்தது. படித்ததுமே எனக்கு எரிச்சல் வந்தது. கிராமத்தில் இருப்பவர்களுக்கு இது எப்படிப் புரியும்? சோதனை என்றாலே வீட்டில் ரெய்டு வருகிறது என்று பயந்துவிடுவார்கள். எளிய தமிழில் எழுத வேண்டும் என்று எனக்கு ஒரு கொழுப்பு. தொல்லியலை வெட்டினேன், அகழாய்வை வெட்டினேன், சோதனையையும் வெட்டினேன். கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: ‘தங்கள் நிலத்தின் கிழக்குப் பகுதியில் நான்கு குழி எடுக்கப்படும். ஒத்துழைப்புத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.’ எவ்வளவு தெளிவாக எழுதிவிட்டேன் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். அலுவலகத்தில் ஒரு முத்திரையும் குத்தினார்கள்.

நான் பிறந்து வளர்ந்தது கடலூர். எங்கள் குடும்பம் நிலத்தை விட்டு வெளியே வந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு நிலம் என்றால் மீட்டர், சென்டிமீட்டர், அப்புறம் மண்ணின் நிறம். அவ்வளவுதான் தெரியும்.

மாசி மாதம் அது. சிதம்பரத்தில் மேலவீதிக்குப் பின்னால் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். காலையில் பாசஞ்சர் ரயிலில் வடக்கே இரண்டு ஸ்டேஷன் தள்ளிப் போய் இறங்கி, வயல் வரப்பில் நடப்பேன். பனி அப்போது நன்றாக இருக்கும். பத்தடி தூரத்தில் போகும் மாட்டின் கழுத்து மணி கேட்கும், மாடு தெரியாது. கடல் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருந்தாலும் அதன் உப்பு உதட்டில் வந்து உட்காரும். நான் நடந்துகொண்டே தூங்குகிறேனோ என்று எனக்கே சந்தேகம் வரும். அந்த நேரத்தில் என் காலடியில் ஒரு தெரு இருப்பதாகவும், அங்கே யாரோ அடுப்புப் பற்றவைக்கப் போவதாகவும் நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பு எனக்குப் பிடிக்கும். அதற்காகத்தான் இந்த வேலையில் இருக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் வேலை தொடங்கிவிட்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம். கயிறை யாராவது காலால் தட்டிவிட்டால் போதும், அரை மணி நேரம் கத்துவேன். ஆட்கள் என்னைப் பற்றித் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. ஆட்களில் மூத்தவரான ஒரு அண்ணன் மட்டும் முகத்துக்கு நேரே சொல்வார். “மேடம், கொஞ்சம் மோர் குடிங்க. உங்க சத்தத்துல கொக்கெல்லாம் பறந்து பூடுது.”

கம்பெனி நிலத்தில் ஒரு வாரம் வேலை நடந்தது. இடுப்பளவு ஆழம்வரை ஓடுகள் வந்தன. ஒரு உறைகிணற்றின் விளிம்பும் கிடைத்தது. பிற்பாடு அதனால்தான் கிடங்கை மேற்கே தள்ளிக் கட்டிக்கொண்டார்கள். அந்தக் கதை இங்கே வேண்டாம்.

எட்டாம் நாள் காலை கிழக்கு நிலத்துக்குப் போனோம். நிலத்துக்குச் சொந்தக்காரரான அந்த அக்கா எங்களுக்கு முன்பே வந்து, நிலத்தின் நடுவில் நின்ற ஒற்றைப் பனைமரத்தடியில் காத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். தலையில் துண்டு, கையில் ஒரு தூக்கு. ஆள் மூலம் நான் கொடுத்தனுப்பிய கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, அதை மடித்துப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்திருந்தார். நிலம் முழுக்க மல்லாட்டை போட்டிருந்தார். நாங்கள் நிலக்கடலைக்குச் சொல்லும் பெயர் அது. மேற்குப் பாதியில் செடி பச்சையாக நின்றது. கிழக்குப் பாதியில் ஒரு செடி இல்லை. மண் புதிதாகக் கிளறிக் கிடந்தது.

“நீங்க வர்றீங்கன்னு புடுங்கிட்டேன் மேடம்” என்றார்.

எவ்வளவு நல்ல மனம் என்று நினைத்தேன். இன்னும் முப்பது நாள் நிற்க வேண்டிய பயிர் அது. எங்களுக்கு நான்கு சின்னச் சதுரம் போதுமே, இவ்வளவையும் ஏன் பிடுங்கினார் என்று ஒரு கணம் தோன்றியது. கேட்கவில்லை. தூக்கைத் திறந்து வேகவைத்த மல்லாட்டையை எல்லோருக்கும் கொடுத்தார். பிஞ்சு. ஓட்டுக்குள் பருப்பு இன்னும் பால் பிடிக்கவில்லை. இனிப்பாக இருந்தது. நான் இரண்டு கை வாங்கித் தின்றேன்.

“எப்ப வேலி போடுவீங்க?” என்று கேட்டார்.

“வேலி எதுக்குக்கா? முளை அடிச்சுக் கயிறு கட்டிடுவோம்” என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அவர் கண்கள் நான் முளை அடிக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. முதல் சதுரத்துக்குக் கயிறு கட்டி முடித்ததும், “இது மட்டுமா?” என்றார். “இன்னும் மூணு இருக்குக்கா” என்றேன். அவர் பனைமரத்தைத் தாண்டி மேற்கே போய், பச்சைச் செடிகளுக்கு நடுவே ஓரிடத்தில் உட்கார்ந்துகொண்டார். அங்கே மண்ணில் ஒரு அகல் விளக்கு இருந்ததை நான் பார்த்தேன். ஏதோ குலதெய்வம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் குழியில் மேல்மண்ணை எடுத்தோம். சதுரம் இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர். பத்து விரல் கீழே போனதும் நான் குனிந்து சின்னக் கரண்டியால் சுரண்டிச் சமன் செய்தேன். இதுதான் எனக்குப் பிடித்த நேரம். மண்ணைச் சுரண்டச் சுரண்ட அதன் நிறங்கள் தெளிந்து வரும். எங்கே கலையாத மண், எங்கே பழைய பள்ளம், எங்கே எலி வளை என்று தானாகத் தெரியும். அன்று தெரிந்தது ஒரு பெரிய வட்டம். மேற்குச் சுவரை ஒட்டி, இரண்டு முழ அகலத்தில், பொலபொலவென்று, ஈரம்கூடக் காயாத மண்.

“நேத்து முந்தாநேத்து தோண்டி மூடுன மண்ணு மேடம் இது” என்றார் அந்த அண்ணன்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. எனக்கு முன்னால் யாரோ தோண்டியிருக்கிறார்கள். புதையல் ஆசைதான், வேறென்ன? கயிறு கட்டுவதற்கு முன்பே வந்து கிளறி, உள்ளே இருந்த மண் அடுக்கையெல்லாம் கலைத்துப் போட்டுவிட்டார்கள். யார் செய்தது, யாருக்கு என்ன கிடைத்தது, இப்போதே கொடுத்துவிட்டால் விட்டுவிடுகிறேன் என்று நான்கு ஆட்களையும் நிற்கவைத்துக் கத்தினேன். போலீசுக்குப் போவேன் என்றும் சொன்னேன். பாவம், அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த அக்கா எழுந்து வந்தார். நடையில் அவசரமே இல்லை.

“அவுங்கள ஏன் திட்டுறீங்க? நான்தான் தோண்டுனேன்.”

“நீங்களா? எதுக்குக்கா?”

“உங்களுக்குக் குடுத்துட்ட எடந்தான், தெரியும். அதுக்கு முன்னாடியே தோண்டிட்டேன். என் பொண்ணு இங்க இருந்தா.”

எனக்குப் புரியவில்லை. பெண் எங்கே இருந்தாள்? அவர் குழியின் ஓரத்தில் உட்கார்ந்து, எனக்கும் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். பிறகு சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை.

அவருக்குப் பத்தொன்பது வயதில் முதல் பிரசவம். பெண் குழந்தை. ஒன்பது நாள் இருந்தது. பெயர் வைக்கவில்லை. அவ்வளவு சின்னக் குழந்தையை எரிக்க மாட்டார்கள், சுடுகாட்டுக்கும் கொண்டுபோகவில்லை. தங்கள் நிலத்திலேயே வைத்துவிடலாம் என்று கணவர் தனியாக எடுத்துக்கொண்டு போனார். கணவரை அவர் மாமா என்றே சொன்னார்.

“மாமாதான் தூக்கிட்டுப் போனாரு. என்னைய வாசப்படி தாண்ட விடல. பிரசவத் தீட்டு வேற. பொம்பள அங்கெல்லாம் போவக் கூடாதுன்னுட்டாங்க. ராவெல்லாம் கேட்டுக்கிட்டே இருந்தேன், எங்க வெச்சீங்க, எங்க வெச்சீங்கன்னு. பனமரத்துலேர்ந்து கெழக்கால ஏழு எட்டு எடுத்து வெச்ச எடம்னாரு. அதுக்கப்புறம் நாங்க அதப் பேசுனதில்ல. அவரும் போயி அஞ்சு வருசம் ஆவுது.”

பிறகு என் கடிதத்தைப் பற்றிச் சொன்னார். பையிலிருந்து அதை எடுத்துப் பிரித்து எனக்கே காட்டினார்.

“எனக்கு இருக்கறதே பத்து குழி. அதுல நாலு குழி எடுக்கப்படும்னு போட்டுருக்கீங்க. சீலு இருக்குது. கம்பெனிக்காரங்க கேட்டப்போ முடியாதுன்னுட்டேன். கவர்மெண்டே எடுத்துக்குதுன்னா நான் என்னா பண்ண முடியும்? நாலு குழி கெழக்கால போச்சின்னா அவளும் அதோட போயிடுவா. மேல கட்டடம் கட்டிப்புடுவாங்க. அதான் மத்தியானம் யாரும் இல்லாதப்போ வந்து, ஏழு எட்டு வெச்சி நடந்து பாத்துத் தோண்டுனேன். ஒண்ணும் இல்ல மேடம். வெறும் மண்ணுதான் இருந்துச்சி. இத்தன வருசம் ஆச்சில்ல, என்னா இருக்கும்? அந்த மண்ண ஒரு கூடை அள்ளிக்கிட்டுப் போயி அந்தாண்ட வெச்சிட்டேன். என் பங்குல.”

அவர் சுட்டிக்காட்டிய இடத்தில் அகல் விளக்கு இருந்தது.

எனக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. நாங்கள் தோண்டுவது நான்கு குழி. அதில் அவருடைய நிலம் எங்கே போகிறது? அந்த அண்ணன்தான் மெதுவாகச் சொன்னார். “மேடம், எங்க ஊருல குழின்னா பள்ளம் மட்டும் இல்ல. நெலத்து அளவு. நாலு குழி எடுப்பேன்னு எழுதுனா, நாலு குழி நெலத்த எடுத்துக்குவேன்னுதான் அர்த்தம்.”

 சற்றுமுன் தின்ற பிஞ்சு மல்லாட்டையின் இனிப்பு வாயில் அப்படியே இருந்தது. 

“அக்கா” என்றேன். “நாங்க நிலத்தை எடுக்கல. நான் எழுதினது தப்பு. குழின்னா நான் பள்ளத்தைத்தான் சொன்னேன். இதோ இந்த மாதிரி நாலு பள்ளம் தோண்டிப் பார்த்துட்டு, மண்ணைப் போட்டு மூடிட்டுப் போயிடுவோம். உங்க நிலம் உங்களுக்குத்தான். ஒரு அடிகூடப் போகாது.”

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், பட்டிருக்கலாம். என்னை அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் கடிதத்தை மறுபடி மடித்தார். மடிப்பு சரியாக வரும்வரை விரலால் நீவிக்கொண்டே இருந்தார்.

“மூடிட்டுப் போயிடுவீங்களா?”

“ஆமாக்கா.”

“அப்ப நான் அவள அசைச்சிருக்கவே வேணாமா?”

 அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தூக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். நான் அன்று வேலையை நிறுத்திவிட்டேன். ஆட்களிடம் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை மேடம் என்றார்கள்.

மாலையில் சிதம்பரத்து மாடியில் கழுவிய ஓடுகளைக் காயவைத்திருந்ததைப் பொறுக்கிக்கொண்டே அப்பாவுக்குப் போன் செய்தேன். குழி என்றால் என்ன அளவு என்று கேட்டேன். அப்பா உற்சாகமாகிவிட்டார். “நம்ம பக்கம் இருபத்தி நாலு அடிக்கு இருபத்தி நாலு அடி ஒரு குழி. நூறு குழி ஒரு காணி. சிதம்பரம் தாண்டிட்டா குழி சின்னது, பன்னெண்டுக்குப் பன்னெண்டுதான். நூறு குழி ஒரு மா. ஏன் கேக்குற, எங்கயாச்சும் நெலம் வாங்கப் போறியா?” என்றார். இல்லை என்றேன். கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் சிரித்துவிடுவார், பிறகு மீதியைக் கேட்டு வருந்துவார். இரண்டையும் தாங்க எனக்கு அன்று தெம்பு இல்லை.

மாடியிலிருந்து கோபுரங்கள் தெரிந்தன. பனி இறங்கத் தொடங்கியிருந்தது. கீழே வீட்டுக்கார அம்மா, “என்னம்மா, வடாம் எடுத்துட்டியா?” என்று தினமும் கேட்பது போலவே கேட்டார். ஓடுகளை அவர் அப்படித்தான் சொல்வார். நான் ஒரு ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அதன் உள்பக்கத்தில் பானையை வனைந்தவருடைய விரல் பதிந்திருந்தது. இத்தனை நாள் இப்படி ஒரு தடத்தைப் பார்த்தால் பூரித்துப் போவேன். யாரோ ஒருவரைத் தொட்டுவிட்டேன் என்று தோன்றும். அன்றைக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் இருந்தவர்களைப் பற்றிக் கனவு கண்டுகொண்டு, பக்கத்தில் நின்று மல்லாட்டை கொடுத்தவரை நான் பார்க்கவே இல்லை. என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

மறுநாள் அந்தக் குழியை அப்படியே மூடிவிடலாம் என்றுதான் போனேன். ஆனால் அளந்து, படம் வரைந்து, எழுதி வைக்காமல் மூடக் கூடாது. அது எங்கள் முறை. பனி விலகாத நேரம். ஆட்கள் இன்னும் வரவில்லை, அந்த அண்ணன் மட்டும் பனைமரத்தடியில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். நான் குழிக்குள் இறங்கி, படம் வரைவதற்காக இன்னொரு தடவை மெல்லச் சுரண்டினேன். முந்தின நாள் கோபத்தில் நான் மேற்குப் பாதியை மட்டும்தான் பார்த்திருந்தேன். கிழக்குப் பாதியைச் சரியாகச் சுரண்டக்கூட இல்லை.

அங்கே ஒரு நிறம் வந்தது.

மிக மெல்லிய நிறம். சுற்றியிருந்த மஞ்சள் மணலைவிட ஒரு துளி கறுப்பு. ஈரம் காய்ந்தால் மறைந்துவிடும் என்பதால் கையில் இருந்த பாட்டில் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பார்த்தேன். நீள்வட்டமாக ஒரு விளிம்பு தெளிந்தது. என் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை வைத்தால் அளவு சரியாக இருந்தது. யாரோ ஒழுங்காகத் தோண்டி, ஒழுங்காக மூடிய பள்ளம். அதன் மேல் வரிசையாக மூன்று கற்கள் அமர்த்தப்பட்டிருந்தன. அந்த மணல் பூமியில் கல்லே கிடையாது. ஒன்றின் மேலிருந்த மண்ணைத் துடைத்துப் பார்த்தேன். கருங்கல், கூர்மையான முனைகள். ரயில் தண்டவாளத்துக்கு நடுவே கொட்டியிருக்கும் ஜல்லி. அப்படியென்றால் இது பழைய காலத்துப் பள்ளம் இல்லை.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மேலே ஏறி, அண்ணனைக் கூப்பிட்டேன்.

“அண்ணே, பனமரத்துலேர்ந்து கிழக்கே ஏழு எட்டு வைங்க. சாதாரணமா எப்படி நடப்பீங்களோ அப்படி.”

அவர் பீடியை அணைத்துவிட்டு நடந்தார். ஏழாவது எட்டில் அவருடைய கால் குழியின் விளிம்பில், அந்தக் கற்களுக்கு நேராக நின்றது. பிறகு நான் நடந்தேன். என் உயரமும் அந்த அக்காவின் உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான். என்னுடைய ஏழாவது எட்டு முடிந்த இடம் அவர் தோண்டிய பெரிய வட்டம். இரண்டுக்கும் நடுவே ஒரு கை அகலத்துக்குக் கலையாத மஞ்சள் மணல் இருந்தது. அண்ணன் குழிக்குள் எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டார்.

“நான் போயிக் கூட்டியாறேன்” என்று சொல்லி வரப்பில் ஓடினார்.

அவர்கள் வரும்வரை நான் குழிக்குள் நிற்கவில்லை. நிற்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. எங்கள் முறைப்படி இப்படி ஒரு பள்ளம் வந்தால் அதை முழுவதும் வெறுமையாக்கி, என்ன இருந்தது என்று எழுத வேண்டும். சார் வந்தால் கேட்பார். கேட்கட்டும் என்று நினைத்தேன். குறிப்பேட்டில், ‘அண்மைக்காலப் பள்ளம், தோண்டப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பனிக்குள் ரயில் ஒன்று தெற்கே போனது. அதன் சத்தம் முழுவதும் அடங்க நெடுநேரம் ஆனது.

அந்த அக்கா வந்தார். அண்ணன் வழியிலேயே சொல்லியிருக்க வேண்டும், மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நான் மேலிருந்தபடியே காட்டினேன்.

“நீங்க தோண்டினது அந்த எடம். மாமாவோட எட்டு உங்க எட்டைவிட நீளம். பாப்பா இங்க இருக்காக்கா. நீங்க தொடவே இல்ல. அசையவே இல்ல.”

அவர் கற்களைப் பார்த்தார்.

“கல்லு வெச்சேன்னாரு. நாயி நோண்டாம இருக்கக் கல்லு வெச்சிட்டுத்தான் வந்தேன்னாரு. தோண்டுனப்போ ஒண்ணையும் காணம். ஏர் ஓட்டறப்போ போயிருக்கும்னு நெனச்சேன்.” மேற்கே அகல் இருந்த பக்கம் திரும்பினார். “அப்ப நான் அங்க கொண்டுபோயி வெச்சது?”

“வெறும் மண்ணுக்கா.”

“மூணு நாளா வெளக்கு வெச்சனே.”



“பரவால்ல” என்றார் அவரே. “அந்த மண்ணும் நம்ம மண்ணுதான.”

செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கினார். அந்த நீள்வட்டத்தின் விளிம்பை மிதித்துவிடாமல் காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். கற்களைத் தொடவில்லை. கருத்த மண்ணும் மஞ்சள் மணலும் சேரும் கோட்டின் மேல் ஒரு விரலை வைத்து, மெதுவாகச் சுற்றிக் கொண்டுவந்தார்.

“இவ்ளோதான் இருந்தா” என்றார். “தூக்கிட்டுப் போறப்போ கதவ சாத்திட்டாங்க. எந்தப் பக்கம் போறாங்கன்னுகூடப் பாக்கல. இத்தன வருசமா இந்த நெலத்துல நடக்குறேன், எங்க மிதிச்சிடுவனோன்னு பயந்து பயந்து நடப்பேன். இப்பதான் பாக்குறேன்.”

சுற்றி வந்த விரல் தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றது. அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

“இங்க ஒக்காந்து கொஞ்சம் அழுதா, உங்க வேலைக்கு ஒண்ணும் ஆவாதே மேடம்?”

“ஒண்ணும் ஆகாதுக்கா” என்றேன்.

அதற்குள் மற்ற ஆட்களும் வந்துவிட்டிருந்தார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு நானும் அண்ணனும் பனைமரத்தைத் தாண்டி மேற்கே போனோம். அவர் கூப்பிடும்வரை நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.